சிவப்புக் கோப்பை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்ல நான் ஏன் இடம் வைக்க வேண்டும்? எங்கள் தோட்டத்து லயத்தில் எந்தக் காம்பரா வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பிரேமலதா பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தால் முன்னால் நிற்கிறவள் தன் வாளியைத் தள்ளி வைத்துவிடுவாள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஏறி மிதித்துவிட்டுப் போவார்கள்.

பெரிய சனிக்கிழமை அன்றுதான் அந்தப் பெருமை போனது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. பூசைக்கு வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கலர் முட்டை கொண்டுவர வேண்டும் என்று மறைக்கல்வி படிப்பிக்கும் சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் காலத்தில் ஈஸ்டருக்குப் புதுச்சட்டை போட்டோம், கோழி அடித்தோம், முடிந்தது. முட்டைக்குச் சாயம் பூசுவதை யார் கண்டார்கள்? ஆனால் பிள்ளைகள் விடுவார்களா. என் மகள் ஜெனிட்டாவுக்குப் பத்து வயது, மகன் ரொஷானுக்கு ஏழு. இருவரும் ஒரு வாரமாக என் காதைத் தின்றார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது வாய் திறந்து எதையும் கேட்காது. அதுதான் தருஷி.

தருஷி என் வீட்டுக்காரரின் தங்கை ஷாமிளாவின் மகள். ஐந்து வயது. அப்பன் என்று சொல்லிக்கொள்ள ஒருவன் கொழும்பில் எங்கேயோ இருக்கிறான், அவன் கதை வேண்டாம். ஷாமிளா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளையை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, அவளுடைய மேடம் தூங்குகிற நேரத்தில், இமோவில் வீடியோ கோல் எடுப்பாள். அந்த அரை மணித்தியாலத்துக்காகத் தருஷி வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஷாமிளா உதட்டில் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். "அம்மா வாய் சிவப்பு" என்று தருஷி போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்று ராத்திரி என்னிடம் வந்து, "அத்தை, எனக்கும் லிப்ஸ்டிக் இருக்கா?" என்று கேட்டாள். அத்தி பூத்தது மாதிரி ஒன்று கேட்டாள், நானோ, "அஞ்சு வயசுல ஒனக்கு லிப்ஸ்டிக் கேக்குதா?" என்று ஒரு போடு போட்டேன். பிறகு அவள் கேட்கவில்லை.

என் வாயைப் பற்றி ஷாமிளாவுக்குக் காற்றுவாக்கில் போயிருந்தது. போன மாதம் நேராகவே சொன்னாள்: "அண்ணி, நீங்க பிள்ளைய ரொம்ப ஏசுறீங்களாம். இன்னொரு தடவ கேள்விப்பட்டா எம்பிலிப்பிட்டியவுக்கு அக்காகிட்ட அனுப்பிருவேன்." அக்கா என்றது அவளுடைய மூத்த அக்கா கோகிலாவை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சோறு ஊட்டி, காய்ச்சலில் கண் விழித்துப் பார்த்தது நான், சொல்ல வந்துவிட்டார்கள். ஆனால் அன்று ராத்திரி தூக்கத்தில் தருஷி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, இவளை அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, முட்டைக்கு வருகிறேன்.

நஜீப் நானாவின் கடையில் கேக்குக்குப் போடும் கலர் சின்னச் சின்னப் போத்தலில் நாலு வாங்கினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முட்டைகளை அவித்து ஆறவைத்தேன். போனில் ஜெனிட்டா ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். சுடுதண்ணீர் ஒரு கோப்பை, கலர் பத்துச் சொட்டு, அச்சாறுக்கு ஊற்றும் வினாகிரி ஒரு கரண்டி. முட்டையைப் போட்டால் சின்னக் குமிழி வரும், பயப்பட வேண்டாம் என்றாள் வீடியோக்காரி.

"ராக்கைத் தட்டுல வினாகிரி போத்தல் இருக்கு, எடுத்தா" என்றேன். ஜெனிட்டா எடுத்துக்கொடுத்தாள். கரண்டிக் கணக்கெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஒவ்வொரு கோப்பையிலும் நாலைந்து மடக்குத் தாராளமாக ஊற்றினேன். எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. புளிப்பு வாசம் லேசாக வந்தது, வினாகிரி என்றால் புளிக்கத்தானே செய்யும்.

முட்டைகளைப் போடும் முன் மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்துச் சட்டம் சொன்னேன். "யாராவது கோப்பைய சாச்சீங்க, சட்டையில கலர் பட்டுச்சு, இல்லாட்டி ஊன்னு அழுதீங்க, அவங்களுக்கு இன்னைக்கி போன் கெடையாது. தருஷி, ஒனக்கும்தான்." அவள் தலையாட்டினாள்.

குமிழி வந்தது. ரொஷான் கைதட்டினான். நான் அடுப்படியில் ராத்திரிச் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, முன்வாசலைக் கூட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் குமிழி அடங்கவில்லை. சோடாப் போத்தல் திறந்தது மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தது. பச்சைக் கோப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓடு சுண்ணாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. காலையில் பால்வெட்டும் கத்தி கீறிய இடத்தில் சுரீர் என்று எரிந்தது. விரலை மூக்குக்குள் விடாத குறையாக மோந்து பார்த்தேன்.

அந்த வாசம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு காலையிலும் பின்பக்கத்துக் கொட்டகையில் வருகிற வாசம்.

தோட்டத்துப் பழைய மரங்களைக் குடும்பத்துக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்த பிறகு, ரப்பர் பாலை நாங்களே தட்டில் ஊற்றி உறையவைத்து, தகடாகத் தட்டி சீட் அடிக்கிறோம். உறையவைக்க அசிட் ஊற்ற வேண்டும். சங்கத்தில் ஒரு கேன் வாங்கி நாலு குடும்பம் பிரித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் சுதாகரன் எங்கள் பங்கை ஒரு காலி வினாகிரிப் போத்தலில் ஊற்றி, கழுத்தில் அடையாளத்துக்குத் துணி கட்டி, கொட்டகையில் வைத்திருந்தார். போன வாரம் மழையில் கொட்டகை ஒழுகியது. "எல்லாத்தயும் வெளியே போட்டு நாசமாக்குங்க" என்று அவரை ஏசிக்கொண்டே சாமான்களை உள்ளே தூக்கி வந்து ராக்கையில் அடுக்கினது நான். அழுக்குத் துணி என்று அவிழ்த்து எறிந்ததும் நான். ஓடிப்போய் ராக்கையைப் பார்த்தேன். உண்மையான வினாகிரிப் போத்தல் பின்னால் அப்படியே நின்றது.

"யாரும் தொடாதீங்க. கையக் கழுவுங்க, ரெண்டு பேரும் கையக் கழுவுங்க." ரெண்டு பேர் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பாயில் ரெண்டு பேர்தான் இருந்தார்கள். கோப்பையும் மூன்றுதான் இருந்தது. சிவப்பு இல்லை.

"தருஷி எங்க?"

ஜெனிட்டா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "சிவப்பு முட்டைய எடுத்து வச்சிட்டு கோப்பைய தூக்கிக்கிட்டு பின்னால போனாம்மா. நீங்க சொல்லித்தான் போறாளாக்கும்னு நெனச்சேன்."

சிவப்புத் தண்ணீர், சுடுதண்ணீர் ஆறியிருக்கும், பார்க்கச் சர்பத் மாதிரி இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை.

"தருஷி" என்று கத்தினேன். நான் கத்தினால் எதிர்மலைக்குக் கேட்கும். "அடியே தருஷி, எங்கடி இருக்க? இங்க வா இப்ப." கொட்டகையில் இல்லை. கக்கூஸில் இல்லை. பீலிக்கு ஓடினேன், கோழிக்கூட்டைப் பார்த்தேன், தண்ணீர் ஓடும் கானுக்குள் குனிந்து பார்த்தேன், சீட் காயப்போட்ட கயிற்றுக்குப் பின்னால் பார்த்தேன். பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா அக்கா வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டதும் த்ரீவீலுக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரிக்கு அந்த ரோட்டில் முக்கால் மணித்தியாலம்.

என் வீட்டுக்காரர் சீட் விற்க யட்டியாந்தோட்டைக்குப் போயிருந்தார். போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "எவ்வளவு ஊத்துன?" என்று கேட்டார். சொன்னேன். "குடிச்சிட்டாளா?" என்றார். "தெரியலங்க, ஆளையே காணோம்" என்றேன். "கெடச்சா வாந்தி எடுக்க வைக்காத லதா. வாயக் கழுவு. தண்ணி குடு. நான் வாறேன்." அவ்வளவுதான், ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மறுபடி கத்தினேன். "தருஷி, இப்ப வரல, தோலை உரிச்சிருவேன்." அது என் வாயிலிருந்து வந்ததுதான். பிள்ளை சாகக் கிடக்கிறதோ என்னவோ என்று நெஞ்சு அடிக்கிறது, வாய் மட்டும் பழைய வாய்.

ஜெனிட்டா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, கத்தாதீங்க. நீங்க கத்தினா அவ இன்னும் உள்ளதான் போவா. நாங்களும் அப்பிடித்தான்."

நாங்களும் அப்படித்தான் என்று நான் பெற்ற மகள் சொல்கிறாள். அதை நின்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. கையில் இருந்த போன் அடித்தது. நாலு மணி. ஷாமிளா.

நான் வெட்டிவிட்டேன். வேறென்ன செய்வேன்? எந்த முகத்தோடு எடுப்பேன்? இதைக் கேட்டால் அவள் அடுத்த நிமிடமே எம்பிலிப்பிட்டியவுக்குப் பேசுவாள். முதலில் பிள்ளையைத் தேடிப் பிடிப்போம், வாயைக் கழுவிச் சுத்தம் செய்வோம், நெட்வேர்க் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது.

"ஏம்மா வெட்டினீங்க?" என்றாள் ஜெனிட்டா. "அந்த சத்தம் கேட்டா அவ வருவாளே. எங்க இருந்தாலும் வருவாளே."

போன் மறுபடி அடித்தது. எடுத்தால் ஷாமிளாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், பிள்ளை என்னிடம் இருக்காது. எடுக்காவிட்டால் பிள்ளையே இருக்குமோ இருக்காதோ. பச்சைப் பொத்தானை அமர்த்தினேன்.

ஷாமிளா சிரித்துக்கொண்டே வந்தாள். உதட்டில் அதே சாயம். "என்ன அண்ணி கட் பண்றீங்க? எங்க என் பிள்ள? முட்டையெல்லாம் காட்டுங்க."

"ஷாமிளா, நான் சொல்றத கேளு. பால் ஒறைய வைக்கிற அசிட்ட வினாகிரின்னு நெனச்சு கலர் தண்ணியில ஊத்திட்டேன். தப்பு என்னுது. ஒரு கோப்பைய தருஷி தூக்கிட்டு எங்கயோ போய் ஒளிஞ்சிட்டா. குடிச்சாளா இல்லையான்னு தெரியல. நான் கூப்பிட்டா வரமாட்டா. நீ கூப்பிடு."

அவள் முகத்தில் சிரிப்பு போன விதத்தை நான் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் லயமே அதிர்ந்திருக்கும். அவள் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, "போன திருப்பிப் பிடிங்க அண்ணி. நீங்க பேசாம நடங்க" என்றாள்.

சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெள்ளையம்மா அக்கா மற்றக் காம்பராக்காரர்களைக் கை காட்டி அமர்த்தினார். "தருஷி, தங்கம். அம்மா வந்திருக்கேன். ஒன்ன பாக்கணும் போல இருக்கு. யாரும் ஏசமாட்டாங்க. கொஞ்சம் வந்து மூஞ்ச காட்டு" என்று போனுக்குள்ளிருந்து அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. கோழிக்கூட்டைத் தாண்டினேன். கொட்டகையைத் தாண்டினேன். லயத்துச் சுவருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அந்த இடத்தை நான் கத்திக்கொண்டே மூன்று தடவை கடந்திருக்கிறேன்.

ஒரு விறகு அசைந்தது. "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது.

பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள். வாய் முழுக்கச் சிவப்பு. நான் கடவுளே என்று சொன்னேனோ இல்லையோ தெரியாது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தாள், ஒரு சொட்டுச் சிந்தாமல். கோப்பைக்குள் பார்த்தேன். நான் ஊற்றின அளவுக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"என்ன தங்கம் வாயில?" என்றாள் ஷாமிளா.

"லிப்ஸ்டிக். ஒங்கள மாதிரி. விரலால தொட்டுப் போட்டேன்."

"குடிச்சியா?"

"இல்ல."

உதடு இரண்டும் தடித்துப் போயிருந்தன. ஓரத்தில் சின்னதாக நீர் கோத்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை. மூச்சை இழுத்து இழுத்து அடக்குகிறாள்.

"எரியுதா தங்கம்?" என்றாள் ஷாமிளா.

தருஷி போனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இல்ல" என்றாள்.

அழுதால் போன் கிடையாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். உதடு பொத்துப்போகிற எரிச்சலில் அந்தப் பிள்ளை அழாமல் நின்றது. போனுக்குள் ஷாமிளா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையை வாங்கி வெள்ளையம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு ஓடினேன். த்ரீவீல் வரும் வரை வாயை ஓடுகிற தண்ணீரில் பிடித்தேன். "அழு தருஷி. சத்தம் போட்டு அழு. அத்தை ஏசமாட்டேன்" என்றேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் லைட் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, உதட்டுக்கு மருந்து பூசினால் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டேன். பிறகு அவர் தருஷியிடம் குனிந்து, எரிந்த உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தருஷி சிங்கள முன்பள்ளிக்குப் போகிறவள். தயங்காமல், "நெந்தா பனினவா" என்றாள். அத்தை ஏசுவாங்க. தாதி சிரித்துவிட்டார். டொக்டர் என்னைப் பார்த்தார். அசிட்டை வினாகிரிப் போத்தலில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வந்து மருந்து எடுக்கப் போனார். நானும் தருஷியும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் இன்னும் இருந்தது. ஷாமிளா மறுபடி கோல் எடுத்தாள், மேடத்திடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கினாளாம். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "கடவுள் காப்பாத்திட்டாரு" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஷாமிளா, ஒன்னு சொல்லணும். அவ அசிட்டுக்குப் பயந்து ஒளியல. அது என்னன்னே அவளுக்குத் தெரியாது. எனக்குப் பயந்துதான் ஒளிஞ்சா."

"தெரியும் அண்ணி. அவ ஒங்க மூஞ்ச பாத்தப்பவே தெரியும்" என்றாள். பிறகு, "போன அவகிட்ட குடுங்க. எங்க இருக்க விருப்பம்னு அவளையே கேக்குறேன்" என்றாள்.

தருஷி போனை வாங்கினாள். ஷாமிளா கேட்டாள்: "தங்கம், அத்தைகிட்ட இருக்கியா, கொஞ்ச நாள் எம்பிலிப்பிட்டிய பெரியம்மாகிட்ட போறியா?"

தருஷி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தைகிட்ட என்றுதான் சொல்லப்போகிறாள். அதைக் கேட்கத்தான் ஒரு மாதமாகத் தவித்தேன். ஆனால் அது அவளுடைய பதில் இல்லை, என் முகத்துக்குச் சொல்கிற பதில்.

"இரு தருஷி. நான் போனப்புறம் சொல்லு" என்றேன். எழுந்து கேட் வரைக்கும் நடந்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். இரத்தினபுரி பஸ் ஒன்று போனது. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என் சேலையைத் தொட்டார்கள்.

"அம்மா வச்சிட்டாங்க" என்று போனை நீட்டினாள். கேட்கவேண்டியது நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"பெரியம்மாகிட்ட போறேன்னு சொன்னேன்" என்றாள். மருந்து பூசின உதட்டை அசைக்காமல் பேசினாள். "ஏசுவீங்களா?"

"இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிஜமாகவே ஏசவில்லை என்று தெரிந்ததும் உதடு கோணியது. "எரியுது அத்தை" என்றாள். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, வாய் விட்டு அழத் தொடங்கினாள். அவ்வளவு பெரிய சத்தம் அந்தப் பிள்ளையிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். நான் தூக்கி வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மருந்தோடு வந்து என்ன என்ன என்று கேட்டார். அழட்டும் விடுங்க என்றேன்.